ஆல்டர்னேட்டரில் கை வைக்கும் முன் எர்த்தைக் கழற்றுங்கள்

லாரிக்கு வீட்டிலேயே ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி) மாற்றப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் தடுப்பதில்லை. ரெண்டு மூணு போல்ட், ஒரு பெல்ட், பின்பக்கம் ஒரு தடித்த ஒயர், ஒரு கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளக்), அவ்வளவுதான். ஆனால் புதுசு மாட்டியும் சார்ஜ் ஏறவில்லை என்று வரும் வண்டிகளையும், மோதிரம் போட்ட விரலில் வளையமாகத் தீப்புண்ணோடு வரும் ஆட்களையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

முதலில் ஆல்டர்னேட்டர்தான் கெட்டதா என்று பாருங்கள். ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். நல்ல சார்ஜில், சில மணி நேரம் சும்மா நின்ற 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும், இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏற வேண்டும். ரெண்டு பேட்டரியை வரிசையாகக் கோர்த்த 24 வோல்ட் லாரியில் ஓடும்போது 28ஐ ஒட்டி இருக்கும். ஏறவே இல்லையா? அப்பவும் அவசரப்படாதீர்கள். பெல்ட் தளர்ந்து வழுக்கலாம், பியூஸ் போயிருக்கலாம், டெர்மினலில் பச்சை பூத்திருக்கலாம். ஒருவர் ரெண்டு ஆல்டர்னேட்டர் வாங்கி மாட்டிவிட்டு மூன்றாவதுக்கு என்னிடம் விசாரிக்க வந்தார். ஹெட்லைட்டைப் போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது ஒன்றரை காட்டியது. இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் ஒயர் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருந்தது!

இன்னொரு பழைய பழக்கம், இன்ஜின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்ப்பது. வண்டி நின்றால் ஆல்டர்னேட்டர் போச்சு என்று கணக்கு. தயவுசெய்து வேண்டாம். பேட்டரி இருக்கும்வரை அதுதான் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கிறது, அதைப் பிடுங்கிய கணத்தில் வோல்ட் எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடையும் வண்டியின் கம்ப்யூட்டரான இசியூவையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும்.

சரி, ஆல்டர்னேட்டரேதான் என்று உறுதியானால், முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலை, அதாவது எர்த்தை, கழற்றுவது. சாவியை எடுத்துவிட்டேனே என்பார்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் அந்தத் தடித்த ஒயர் நேராக பேட்டரி பாசிட்டிவிலிருந்து வருகிறது, சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் கரண்ட் உண்டு. அந்த நட்டைக் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை இன்ஜினில் பட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஸ்பேனர் வழியாகப் பாயும். மோதிரக்காரருக்கு நடந்தது இதுதான். மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். எர்த்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள்.

கேபினைத் தூக்கி வேலை செய்யும் வண்டியாக இருந்தால் லாக் சரியாக விழுந்ததா என்று பார்க்காமல் தலையை உள்ளே விடாதீர்கள். பெல்ட்டைக் கழற்றும் முன் அது போகும் வழியை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் (நான் இன்னும் எடுக்கிறேன்). புதுசின் வோல்ட், ஆம்பியர், புல்லியின் பள்ளங்கள், கப்ளர் எல்லாம் பழையதோடு ஒத்துப்போகிறதா என்று தரையில் பக்கத்தில் வைத்தே பாருங்கள். அப்புறம், செத்துக் கிடக்கும் பேட்டரியோடு புதுசை ஓட்டாதீர்கள். சார்ஜரில் போட்டு பேட்டரியை ஏற்றிய பிறகு மாட்டுங்கள், இல்லாவிட்டால் புது ஆல்டர்னேட்டர் முழு சுமையில் கொதித்தே முதல் நாளைத் தொடங்கும்.

பலர் கோட்டை விடும் இடம் ஒன்று இருக்கிறது. சில டீசல் வண்டிகளில், முக்கியமாகச் சின்ன லாரிகளில், ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே வேக்குவம் பம்ப் (காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கும் பம்ப்) உட்கார்ந்திருக்கும். பிரேக் மிதிப்பதை லேசாக்கும் பூஸ்டருக்கு உயிர் அதுதான், அதற்கு இன்ஜினிலிருந்து ஆயில் குழாயும் வரும். புது பம்பில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் விட்டு மாட்டுங்கள், காய்ந்து ஓடினால் உள்ளே தேய்ந்துவிடும். எல்லாம் முடிந்ததும் இன்ஜினை அணைத்த நிலையில் பிரேக் பெடல் கல்லாகும்வரை நாலைந்து முறை மிதித்து, மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை நகர்த்தாதீர்கள், வேக்குவம் குழாயை மறுபடி பாருங்கள்.