நீலத் திரவம் இல்லாத கழிப்பறை

ஜெர்மனியில் மோட்டார்ஹோம்கள் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டிகள்) நிற்கும் எந்த முகாம் மைதானத்திலும் காலை எட்டு மணி வாக்கில் ஒரு சின்ன ஊர்வலத்தைப் பார்க்கலாம். கலைந்த தலையோடு ஆண்கள் (பெரும்பாலும் ஆண்கள்தான்) சக்கரம் வைத்த பிளாஸ்டிக் பெட்டியை, ரயிலுக்குப் போகிறவர் சூட்கேஸை இழுப்பது போல இழுத்துக்கொண்டு போவார்கள். எதிரே வருபவருக்கு வணக்கம் சொல்வார்கள். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

வண்டிக் கழிப்பறையின் தொட்டி அது. கேசட் என்று பெயர். கழிப்பறை இருக்கைக்கு நேர் கீழே செருகியிருக்கும், வெளிப்பக்கச் சிறு கதவைத் திறந்து உருவி எடுக்கலாம். கொள்ளளவு 18 முதல் 20 லிட்டர். ஒருவர் ஒரு நாளில் ஒன்றேகால் லிட்டர் அளவு சிறுநீரும் நூற்றைம்பது கிராமுக்குள் மலமும் கழிக்கிறார். அதோடு ஒவ்வொரு முறையும் ஊற்றும் தண்ணீரைச் சேர்த்தால், இரண்டு பேர் போகும் வண்டியில் மூன்று நாளுக்குள் பெட்டி நிறைந்துவிடும்.

நான் முதல்முறை வாடகைக்கு எடுத்த வண்டியோடு, நாற்றத்தை அடக்கத் தொட்டியில் ஊற்றும் நீலத் திரவமும் ஒரு பாட்டில் கொடுத்தார்கள். அளவு பார்த்து ஊற்றினேன். ஜூலை மாதம், வெயில் நேராகக் கழிப்பறைப் பக்கம் அடித்தது. மூன்றாம் நாள் அந்தச் சின்ன அறைக்குள் மூத்திர வாடை போகவில்லை, அதன் மேல் மலிவான செண்ட் வாடை ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது. இதற்கு வெறும் நாற்றமே தேவலை என்று தோன்றியது. அப்புறம்தான் இந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று படிக்க ஆரம்பித்தேன்.

உடம்பிலிருந்து அப்போதுதான் வெளியேறிய சிறுநீருக்குப் பெரிய வாடை கிடையாது. அதில் அதிகம் கரைந்திருப்பது யூரியா. நாம் சாப்பிடும் பருப்பிலும் மீனிலும் உள்ள நைட்ரஜனை உடம்பு அந்த வடிவத்தில்தான் வெளியே தள்ளுகிறது. யூரியாவுக்கு மணமில்லை. வயலுக்குப் போடும் யூரியாவும் இதே பொருள்தான், மூட்டையைப் பிரித்து முகர்ந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீரில் கரைத்துத் தனியே விட்டால் அது உடைய ஆண்டுக்கணக்கில் ஆகும்.

ஆனால் மலத்தில் கோடிக்கணக்கில் வாழும் பாக்டீரியாக்களில் பலவற்றிடம் யூரியேஸ் என்ற நொதி இருக்கிறது. அது கைபட்டால் ஆண்டுகள் நொடிகளாகிவிடும். யூரியா உடைந்து அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். இந்த நொதிக்கு அறிவியல் வரலாற்றில் தனி இடம் உண்டு. 1926இல் ஜேம்ஸ் சம்னர் என்ற அமெரிக்கர், நம் தம்பட்டங்காய்க்கு நெருங்கிய சொந்தமான ஜாக் பீன் என்ற அவரையிலிருந்து யூரியேஸைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். படிகமாக்கப்பட்ட முதல் நொதி அதுதான். நொதி என்பது புரதம் என்று அதை வைத்து அவர் சொன்னதைப் பலர் நம்பவில்லை. இருபது ஆண்டு கழித்து, 1946இல், நோபல் பரிசு வந்தது.

அம்மோனியா உண்டாவதோடு கதை முடிவதில்லை. அது தொட்டியின் காரத்தன்மையை ஏற்றுகிறது. புதுச் சிறுநீரின் பிஹெச் மதிப்பு சுமார் 6. அந்த நிலையில் அம்மோனியாவில் கிட்டத்தட்ட முழுவதும் அம்மோனியம் என்ற அயனியாக நீரிலேயே கரைந்து கிடக்கும், ஆயிரத்தில் ஒரு பங்குகூட வாயுவாகத் தப்பும் நிலையில் இருக்காது. யூரியா உடைய உடைய பிஹெச் 9 வரை ஏறும். அப்போது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாயு நிலைக்குத் தயாராகிவிடும். அதாவது நாற்றம் தனக்குத் தானே வழி திறந்துகொள்கிறது.

இது சிறுநீரின் பங்கு. மலத்தின் பங்கு வேறு மாதிரி. மூச்சு விட ஆக்சிஜன் உள்ளவரை பாக்டீரியாக்கள் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். மூடிய தொட்டியின் திரவத்துக்குள் அது சீக்கிரமே தீர்ந்துபோகும். அடுத்து நைட்ரேட் இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் இல்லையென்றால் சல்ஃபேட். சிறுநீரில் சல்ஃபேட் தாராளமாகவே இருக்கிறது. அந்தக் கடைசிப் படியில் வெளிவருவதுதான் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அழுகின முட்டை வாடை. நம் மூக்கு இதற்கு அபாரக் கூர்மை உடையது. நூறு கோடி பங்கு காற்றில் சில பங்கு கலந்தாலே கண்டுபிடித்துவிடும். இவற்றோடு இந்தோல், ஸ்கேட்டோல் என்று இன்னும் சில கூட்டாளிகள். இந்தோல் மல்லிகைப் பூவிலும் இருக்கிறது, அதன் கிறங்கடிக்கும் மணத்தில் அதற்கும் ஒரு பங்குண்டு. எல்லாம் அளவைப் பொறுத்தது.

ஆக, நாற்றத்துக்கு மூன்று துணை வேண்டும்: மலமும் சிறுநீரும் கலக்க வேண்டும், ஈரம் வேண்டும், காற்று படாமல் இருக்க வேண்டும். கேசட் என்பது இந்த மூன்றையும் ஒரே பெட்டியில் அடைத்து வைக்கும் ஏற்பாடு. வெயில் நாலாவது துணை. சூடு பத்து டிகிரி கூடினால் பாக்டீரியாவின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும்.

நீலத் திரவம் இதில் எதையும் மாற்றுவதில்லை. உயிரைக் கொல்கிறது, அவ்வளவுதான். பழைய தயாரிப்புகளில் இருந்தது ஃபார்மால்டிஹைடு, கல்லூரி ஆய்வகத்தில் தவளையைப் போட்டு வைத்திருந்த ஜாடியில் இருந்ததே, அதே சரக்கு. புரதங்களை ஒன்றோடொன்று பின்னிப் பிணைத்து நொதிகளை முடக்கிவிடும். நாற்றமடிக்கும் பாக்டீரியா சாகும், சரி. ஆனால் பெட்டியைக் கொட்டிய பிறகு அது அதே வேலையை முகாமின் கழிவுநீர் நிலையத்திலும் செய்யும். கிராமப்புற முகாம்கள் பலவற்றில் சொந்தமாக ஒரு சிறிய சுத்திகரிப்புத் தொட்டிதான் இருக்கும். அதை ஓட்டுவதே பாக்டீரியாதான். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் ஃபார்மால்டிஹைடை வகைப்படுத்தியது. இப்போது பல தயாரிப்புகளில் அது இல்லை. பச்சைப் பாட்டில்கள் சிலவற்றில் நைட்ரேட் சேர்க்கிறார்கள். மேலே சொன்ன படிக்கட்டை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்: நைட்ரேட் கையில் இருக்கும்வரை பாக்டீரியா சல்ஃபேட் பக்கம் போகாது. கொல்வதற்குப் பதில் வேறு தீனி போட்டுத் திசைதிருப்புகிற யோசனை. எனக்கு இது பிடித்திருக்கிறது, ஆனாலும் இதுவும் பாட்டில்தான்.

பாட்டிலே வேண்டாம் என்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு.

முதலாவது காற்று. ஜெர்மனியில் ஸோக் என்றொரு கருவி விற்கிறார்கள். அந்தச் சொல்லுக்கே உறிஞ்சுதல் என்றுதான் பொருள். தொட்டியின் காற்றுத் துளையில் ஒரு குழாயைப் பொருத்தி, 12 வோல்ட் சின்ன விசிறியோடு இணைத்துவிடுவார்கள். தொட்டியின் வாயடைப்பைத் திறந்ததும் விசிறி தானாகச் சுழலும். அறையின் காற்று கீழ்நோக்கித் தொட்டிக்குள் போகும், தொட்டியின் காற்று வெளியே போகும். உட்கார்ந்திருப்பவர் மூக்குக்கு எதுவும் ஏறாது. வெளியேறும் காற்றை வெளிக்கதவில் உள்ள கரி வடிகட்டி பிடித்துக்கொள்ளும், அல்லது குழாய் வண்டியின் கூரைக்குப் போய்விடும். இத்தகைய கரி ஒரு கிராமில் ஆயிரம் சதுர மீட்டர் அளவுக்கு உட்பரப்பு இருக்கும், நாற்ற மூலக்கூறுகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தேங்காய்ச் சிரட்டையிலிருந்தும் இந்தக் கரியைச் செய்கிறார்கள். இலங்கை அதைப் பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இந்த விசிறி நாற்றம் உண்டாவதைத் தடுப்பதில்லை. அதற்கு வேறு பாதை காட்டுகிறது, அவ்வளவே. காலை ஊர்வலத்தில் பெட்டியின் மூடியைத் திறக்கும்போது எல்லாம் அங்கேதான் இருக்கும்.

காற்றைப் பற்றிப் பேசும்போது இன்னொன்று. பலர் கழிப்பறைக் கூரையில் ஒரு விசிறி போட்டு, வாடை மேலே போய்விடும் என்று நினைப்பார்கள். நடப்பது நேர்மாறு. கூரை விசிறி அறைக் காற்றை இழுக்கும்போது, ஈடாக வரும் காற்று சன்னலைவிடத் தொட்டியின் இடுக்கு வழியாக வரத் தோதாக இருந்தால் அங்கிருந்துதான் வரும். சன்னல் கொஞ்சம் திறந்திருக்க வேண்டும். அதேபோல் ஆல்ப்ஸ் மலையில் 1500 மீட்டர் ஏறினால் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். அடிவாரத்தில் அடைபட்ட காற்று வெளியேற வழியின்றித் தொட்டிக்குள் முட்டிக்கொண்டு நிற்கும். மேலே போனதும் அவசரமாக வாயடைப்பைத் திறந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். வாயடைப்பின் ரப்பர் வளையமும் முக்கியம். காய்ந்து வெடித்தால் எந்த விசிறியும் காப்பாற்றாது. அதற்கு சிலிக்கோன் மசகு போட வேண்டும். சமையல் எண்ணெயும் வாசலினும் ரப்பரைக் கெடுக்கும்.

இரண்டாவது வழி கலக்காமலே இருப்பது. என் மனம் இதன் பக்கம்தான். பிரிக்கும் கழிப்பறை என்று இதைச் சொல்கிறார்கள். ஸ்வீடனில் தண்ணீர்க் குழாய் இல்லாத கோடை வீடுகளில் நெடுங்காலமாகப் பழகியது, இப்போது வண்டிகளுக்குள்ளும் வந்துவிட்டது. இருக்கையின் முன்பக்கம் ஒரு புனல், சிறுநீர் அதன் வழியே ஒரு கேனுக்குப் போகும். பின்பக்கம் பை போட்ட ஒரு வாளி. ஒவ்வொரு முறையும் வாளியில் ஒரு கைப்பிடி மரச்சீவலோ சணல் தூளோ போட வேண்டும். ஊற்றத் தண்ணீர் வேண்டாம். ஆண்களும் உட்கார்ந்துதான் போக வேண்டும், இந்த விஷயத்தில் பேரமே கிடையாது.

மலத்தில் முக்கால் பங்கு நீர். தூள் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள, மேற்பரப்பு காய்ந்துவிடும். ஈரமில்லாமல் பாக்டீரியா மந்தமாகிவிடும், இடைவெளிகளில் காற்றும் இருப்பதால் சல்ஃபேட் படிக்கு இறங்க வேண்டிய தேவையும் குறையும். கிடைப்பது மழை பெய்த காட்டு மண் போன்ற ஒரு லேசான வாடை. முதல் நாள் நான் நம்பவில்லை, குனிந்து முகர்ந்து பார்த்தேன். அமெரிக்காவில் இந்தத் தூளுக்குப் பலர் வாங்குவது தேங்காய் நார்த்தூள் கட்டி. பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கப்பலேறும் சரக்குகளில் அதுவும் ஒன்று. சிரட்டை ஒரு வழிக்கு, நார் இன்னொரு வழிக்கு. தென்னை எதையும் வீணாக்காது என்பது சரிதான்.

கேனில் உள்ள சிறுநீருக்குத் தனிக் கவனம் வேண்டும். எவ்வளவு பிரித்தாலும் கொஞ்சம் பாக்டீரியா வந்துசேரும், சில நாளில் யூரியா உடையத் தொடங்கும். காலிக் கேனில் முதலிலேயே ஒரு ஸ்பூன் சிட்ரிக் அமிலமோ கொஞ்சம் வினிகரோ போட்டுவைத்தால் பிஹெச் கீழேயே நிற்கும். யூரியேஸ் சுணங்கும், உண்டாகும் கொஞ்ச அம்மோனியாவும் அயனியாக நீரிலேயே அடங்கும். குழாயின் உட்புறம் படியும் மஞ்சள் கல்லும் குறையும், அது காரத்தன்மை ஏறும்போது படிகிற பாஸ்பேட் உப்பு. இதை வேதிப்பொருள் இல்லை என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான், சிட்ரிக் அமிலமும் வேதிப்பொருளே. ஆனால் எலுமிச்சையில் இருப்பது, சாக்கடை பாக்டீரியாவுக்கு அது உணவு. ஒன்று மட்டும் கூடாது: ப்ளீச். அமிலத்தோடு சேர்ந்தால் குளோரின், அம்மோனியாவோடு சேர்ந்தால் குளோரமின். சின்ன அறைக்குள் இரண்டுமே ஆபத்து.

கேனை எந்தக் கழிப்பறையிலும் கவிழ்க்கலாம். பையை என்ன செய்வது என்பது ஊருக்கு ஊர் மாறும். டயப்பரைப் போலக் கட்டிக் குப்பைத் தொட்டியில் போட அனுமதிக்கும் ஊர்கள் உண்டு, கேட்டுக்கொண்டு செய்ய வேண்டும். காட்டில் புதைப்பது கூடாது. விற்பவர்கள் சிலர் இதைக் கம்போஸ்ட் கழிப்பறை என்பார்கள், நான்கு நாளில் எதுவும் உரமாகாது. காய்ந்திருக்கிறது, அவ்வளவுதான், கிருமிகள் உயிரோடுதான் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி, காய்ந்த மலத்தை வேறு எதுவும் சேர்க்காமல் உரமாக்க, 20 டிகிரிக்குக் கீழே உள்ள குளிர்ப் பகுதிகளில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வைக்கச் சொல்கிறது.

இவ்வளவும் காகிதத்தால் துடைப்பவர்களுக்கான வடிவமைப்பு. கழுவும் நமக்கு அங்கேதான் சிக்கல். ஒரு குவளைத் தண்ணீர் பின்வாளிக்குள் போனால், நார்த்தூள் செய்த வேலை முழுவதும் வீண்.

இதற்கான விடை ஐரோப்பாவில் இல்லை, திருச்சி மாவட்டத்து முசிறியில் இருக்கிறது. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற மராச்சி சுப்புராமன் நடத்தும் ஸ்கோப் அமைப்பு அங்கே ஈகோசான் எனப்படும், கழிவைப் பிரித்து வைக்கும் கழிப்பறைகளைக் கட்டியது. பயன்படுத்துபவருக்குச் சிறு தொகை கொடுத்த பொதுக் கழிப்பறையும் அங்கேதான் வந்தது. அவற்றில் சிறுநீருக்கு ஒன்று, மலத்துக்கு ஒன்று, கழுவும் தண்ணீருக்கு ஒன்று என மூன்று தனித்தனி வழிகள். மலத்தின் மேல் சாம்பல் தூவுவார்கள். சாம்பலின் காரம் கிருமியைக் கொல்லும். அதே சாம்பலில் சிறுநீர் பட்டால் அம்மோனியா குபீரென்று கிளம்பும். பிரித்து வைத்தால் மட்டுமே சாம்பல் உதவும்.

வண்டிக்குள் மூன்றாவது துளைக்கு இடமில்லை. அதனால் நான் முன்னால் நகர்ந்து, தண்ணீர் புனலுக்குள் விழும்படி சின்ன பீச்சுப் பாட்டிலால் கழுவுகிறேன். ஒரு முறைக்குக் கால் லிட்டருக்கும் குறைவாகத்தான் ஆகிறது. கூடவே கொஞ்சம் பாக்டீரியாவும் கேனுக்குள் போகும் என்பதால் சிட்ரிக் அமிலத்தை இரண்டு ஸ்பூனாக ஆக்கிவிட்டேன். கேன் மூன்று நாளுக்குப் பதில் இரண்டரை நாளில் நிறைகிறது.