குளித்த ஈரம் காயும் முன்

உடம்பு முழுக்கத் தண்ணீரில் நனைந்து வந்த பிறகுதான் பலருக்கு அரிப்பே தொடங்குகிறது. துடைத்த கொஞ்ச நேரத்தில் காலில் தோல் இழுத்துப் பிடிக்கும், அப்புறம் கை தானாகச் சொறியப் போகும். தண்ணீர் பட்டும் தோல் வறள்வது ஏன்?

தோலின் ஆக மேலே இருக்கும் படலம், உடம்பின் பெரும்பாலான இடங்களில் சுமார் 0.02 மில்லிமீட்டர் தடிமன்தான். செத்துத் தட்டையான செல்கள் அதில் செங்கற்கள். செராமைடு என்ற கொழுப்பு வகை, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்தது அவற்றுக்கு இடையே உள்ள சாந்து. உள்ளிருக்கும் நீர் ஆவியாகிப் போகாமல் காப்பது இந்தச் சாந்து. செல்களுக்குள்ளே யூரியா, லாக்டிக் அமிலம் போன்ற சிறு மூலக்கூறுகள் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. நெடுநேரம் குளித்தால் அவை கரைந்து போய்விடும். சூடான நீரும் சோப்பும் சாந்தையே அரித்துவிடும். அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு தோலுக்கு 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலம்; சாதாரண சோப்புக்கோ 9 முதல் 10 வரை, அது காரம். புதிய சாந்தை உருவாக்கும் நொதிகளுக்கு அந்த லேசான அமிலத்தன்மை இருந்தால்தான் வேலை ஓடும்.

ஆகவே குளியல் வெதுவெதுப்பான நீரில், பத்து நிமிடத்துக்குள் முடியட்டும். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தோலில் ஈரம் மிச்சமிருக்கும்போதே பூச வேண்டியதைப் பூசிவிடுங்கள். எதைப் பூசுகிறோம் என்பதற்கு இணையாக எப்போது பூசுகிறோம் என்பதும் முக்கியம். 1872-இல் அமெரிக்காவில் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை பெற்ற பெட்ரோலியம் ஜெல்லியில் தண்ணீர் கிடையாது. இருக்கும் ஈரம் வெளியேறாமல் மூடி வைப்பதுதான் அதன் வேலை, அதில் அதை மிஞ்சுவது கடினம். காய்ந்த தோலில் தடவினால் மூடி வைக்க அங்கே ஈரம் அதிகம் இருக்காது. கிளிசரினும் யூரியாவும் நீரை ஈர்த்து வைப்பவை; ஆனால் வெடிப்புள்ள இடத்தில் யூரியா எரியும். வாசனை சேர்த்த கிரீம்களைத் தவிர்ப்பது நல்லது.

இயற்கை எண்ணெய் எதுவானாலும் தோலுக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் நிறைய. ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் அந்தச் சாந்தின் அடுக்கைக் குலைக்கிறது. குழந்தைகளின் வறண்ட தோலுக்கு அதைத் தேய்க்கவே வேண்டாம் என்பேன்.

சரி, அரிப்பு? சொறியும்போது எழும் மெல்லிய வலி, தண்டுவடத்தில் அரிப்புச் செய்தியைச் சற்று நேரம் அடக்கிவிடுகிறது. அதனால்தான் அவ்வளவு சுகம். ஆனால் நகம் பட்ட இடத்தில் படலம் கிழிகிறது, செல்கள் அழற்சியைத் தூண்டும் பொருள்களை வெளியிடுகின்றன, நரம்பு முனைகள் மறுபடி விழித்துக்கொள்கின்றன. குளிர்ந்த நீரில் நனைத்த துணியைச் சில நிமிடம் வைத்தால் தோலைக் கிழிக்காமலே அரிப்பு தணியும். துணியை எடுத்த கையோடு கிரீம் பூசிவிட வேண்டும்.

நீர் வடிந்தாலோ, சிவப்பு பரவினாலோ, தூக்கம் கெட்டாலோ மருத்துவரைப் பாருங்கள். தடிப்பு எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் கட்டாயம் போக வேண்டும். கல்லீரல், சிறுநீரகம், தைராய்டு கோளாறுகளும் இப்படித் தலைகாட்டுவது உண்டு.