செக் எஞ்சின் லைட் எரிந்ததும் சென்சாரை மாற்றாதீர்கள்

போன மாதம் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு ஒரு பெட்ரோல் கார் வந்தது. சிக்னலில் நின்றால் வண்டி நடுங்குகிறது, செக் எஞ்சின் லைட் எரிகிறது. வேறோர் இடத்தில் ஸ்கேனர் போட்டதில் பி0171 என்று கோளாறு எண் (கோட்) வர, ஆக்சிஜன் சென்சாரை மாற்றியிருக்கிறார்கள். நான்கே நாளில் லைட் மறுபடி எரிந்தது. அடுத்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவையே மாற்றணும் என்று சொன்னதும் வண்டிக்காரர் பயந்துபோய் எங்களிடம் கொண்டுவந்தார்.

பி0171 என்பது கெட்டுப்போன பாகத்தின் பெயர் இல்லை. உள்ளே போகும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை, கூட்டிக் கொடுத்தும் சரிக்கட்ட முடியவில்லை என்று ஈசியூ சொல்கிறது, அவ்வளவுதான். காரணத்தை நாம்தான் தேட வேண்டும்.

ஈசியூவுக்கு வந்து சேர்வதெல்லாம் சென்சார்கள் அனுப்பும் வோல்டேஜ்தான். பல வண்டிகளில் எஞ்சினோடு சுழலும் கிராங்க் சக்கரத்தில் 60 பல்லுக்கான இடத்தில் 58தான் இருக்கும். பல் இல்லாத அந்த இடைவெளி கடக்கும் நேரத்தை வைத்து பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் ஓடினால், நொடிக்கு 100 முறை, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரை எவ்வளவு நேரம் திறப்பது, ஸ்பார்க்கை எப்போது கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று தேவை. அந்த அளவு தப்பினால் புகைக்குழாயில் உள்ள ஆக்சிஜன் சென்சார் காட்டிக்கொடுக்கும். ஈசியூ பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். இந்தத் திருத்தத்துக்குத்தான் ஃப்யூவல் ட்ரிம் என்று பெயர்.

அந்தக் காரில் கோளாறு எண்ணை விட்டுவிட்டு ட்ரிம்மைப் பார்த்தேன். ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் சும்மா ஓடும் ஐடிலில் 24 சதவீதம் கூடுதல், 2500 ஆர்பிஎம்மில் 6 சதவீதம். இதுதான் துப்பு. சென்சார் அளக்காத காற்று எங்கிருந்தோ நுழைகிறது. ஐடிலில் எஞ்சின் இழுக்கும் காற்றே கொஞ்சம், அதனால் சின்ன ஓட்டைகூட பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. புகை விட்டுச் சோதித்தோம். எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மறுபடி காற்றுப் பாதைக்கே கொண்டுபோகும் பிசிவி ஹோஸின் அடிப்பக்கத்தில், கண்ணுக்கு எட்டாத இடத்தில் வெடிப்பு. ஹோஸை மாற்றினோம், ட்ரிம் 3 சதவீதத்துக்கு இறங்கியது. நல்ல சென்சாரைக் கழற்றிப் போட்டதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதே மாதிரி கூலன்ட் சென்சார் வயரை எலி கடித்தால், கொதிக்கிற எஞ்சினையும் மைனஸ் 40 டிகிரி என்று ஸ்கேனர் காட்டும். எர்த் பாயின்டில் துரு பிடித்தால் சம்பந்தமே இல்லாத நாலைந்து கோளாறு எண்கள் ஒன்றாக வரும். ஈசியூ தானாகக் கெடுவது குறைவு. ஜம்பர் கேபிளை மாற்றி மாட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் வைப்பது, எஞ்சின் மீது பிரஷர் வாஷ் அடிப்பது, இவைதான் அதைப் பெரும்பாலும் கொல்கின்றன. பழைய ஈசியூ ஒன்றை வாங்கி மாட்டினாலும் சாவியைச் சரிபார்க்கும் திருட்டுத் தடுப்பான இம்மொபிலைசரோடு பொருத்தாமல் வண்டி கிளம்பாது.

லைட்டை அணைக்கப் பேட்டரி வயரைக் கழற்றி மாட்டாதீர்கள். கோளாறு வந்த நொடியில் வேகம், சூடு, லோடு என்ன என்று ஈசியூ குறித்து வைத்திருப்பதும் சேர்ந்து அழிந்துவிடும். லைட் நிலையாக எரிந்தால், வேறு எச்சரிக்கை விளக்கோ சத்தமோ இல்லாதவரை, மெதுவாக ஒர்க்‌ஷாப் வரை ஓட்டலாம். மினுக்கினால் மிஸ்ஸிங், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது, கடுமையாக இருக்கிறது; எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். அப்போது ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.