ஹாம் செட்டில் கை வைக்க முன்: ஈயம் எடுக்கிற கருவியைத் தெரிவு செய்வது

ஒரு பாகத்தை ஒட்டுவதில் பிழை விட்டால் திருத்தலாம். கழற்றுவதில் பிழை விட்டால் போர்டின் செப்பு பெயர்ந்து கையோடு வந்துவிடும், அதைப் பழையபடி அதே இடத்தில் பிடிக்கவைக்க வழியில்லை. மாற்றம் செய்யப்போய்ப் பழுதான அமெச்சூர் (ஹாம்) வானொலிச் செட்டுகளைத் திறந்து பார்த்தால் புதிதாகப் போட்ட பாகம் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்குக் கீழே பேட் (கால் ஒட்டுகிற செப்புத் திட்டு) கிளம்பியிருக்கும், ட்ராக் (செப்புப் பாதை) அறுந்திருக்கும், ஓட்டைக்குள் இருந்த செப்புப் பூச்சைக் காணாது.

சூடு கூடிவிட்டதால் இப்படி ஆனது என்றே பலர் நினைக்கிறார்கள். சூடு போதாமல் கெட்ட போர்டுகளும் அதே அளவுக்கு இருக்கின்றன. இரண்டு பக்கமும் செப்புள்ள போர்டில், கீழ்ப்பக்கத்து ஒட்டு ஈயத்தை அயன் (ஈயம் உருக்குகிற சூட்டுக்கோல்) உருக்கிவிடும். மேல்பக்கத்தில் அகன்ற எர்த் தளத்தோடு சேர்ந்து நிற்கிற ஈயம், சூட்டை அந்தத் தளம் இழுத்துக்கொள்வதால், கட்டியாகவே இருக்கும். சக்கர் (ஈயம் உறிஞ்சி) கீழே உள்ளதை மட்டும் உறிஞ்சும். ஓட்டை வெறுமையாகிவிட்டதுபோலத் தெரியும். அந்த நேரத்தில் குறட்டால் பாகத்தின் காலை இழுத்தால், உருகாத ஈயம் ஓட்டையின் உள்பூச்சையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். கழன்ற காலில் ஒரு சின்ன செப்பு வளையம் ஒட்டியிருந்தால் நடந்தது இதுதான். ஆகவே கருவி வாங்கப் போகிறவர் அது எவ்வளவு பலமாக உறிஞ்சும் என்று கேட்பதற்கு முன், ஓட்டைக்குள் இருக்கிற ஈயம் முழுவதையும் ஒரே நேரத்தில் உருகிய நிலையில் வைத்திருக்குமா என்று கேட்கவேண்டும்.

செட்டைத் திறந்தவுடன் போர்டின் நிறத்தைப் பாருங்கள். கபில நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் செப்போடு இருந்தால் அது பினாலிக் காகிதப் போர்ட். பழைய ரீவிப் பெட்டிகளுக்குள் இருந்ததும் இதுதான். ஈயம் சுலபமாக வரும், ஆனால் செப்பைப் பிடித்திருக்கும் பசை பலவீனமானது. மூன்று விநாடிக்கு மேல் ஓரிடத்தில் அயன் நிற்கக்கூடாது. பச்சை நிறக் கண்ணாடி இழைப் போர்ட் பலமானது, ஆனால் இரண்டு பக்கமும் செப்பு, ஓட்டைக்குள்ளும் செப்பு. மேலே சொன்ன ஆபத்து இங்கேதான்.

அடுத்தது ஈயத்தின் வகை. மின்னணுப் பொருட்களில் ஈய உலோகத்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை 2006 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்தபின் தயாரான செட்டுகளில் பெரும்பாலும் ஈய உலோகமில்லாத ஒட்டுக் கலவைதான் இருக்கும். அது 217 பாகை செல்சியஸ் தாண்டித்தான் உருகத் தொடங்கும். பழைய 63/37 ஈயம் (63 பங்கு தகரம், 37 பங்கு ஈய உலோகம்) 183 பாகையிலேயே முழுதாக உருகிவிடும். புதிய செட்டின் காலுக்கு முதலில் 63/37 ஈயம் கொஞ்சம் சேர்த்துக் கலக்கவிட்டு, அதன் பின் உறிஞ்சுங்கள். எடுக்க வந்த இடத்தில் ஈயம் சேர்ப்பது முரணாகப் படலாம். கலவையின் உருகுநிலை இறங்குவதோடு, புது ஈயத்துக்குள் இருக்கிற பிளக்ஸ் (ஈயம் ஓட உதவுகிற பொருள்) பழைய ஒக்சைட் படலத்தையும் உடைக்கும். இந்த ஒரு படியைத் தவிர்ப்பதால் கெடுகிற போர்டுகள் நிறைய.

இனிக் கருவிகள். முதலில் விக், அதாவது பிளக்ஸ் பூசிய செப்புப் பின்னல். சிப் பாகங்களின் பேட்டைத் துப்புரவாக்க 1.5 மில்லிமீற்றர், சாதாரணக் கால்களுக்கு 2 முதல் 2.5, எர்த் தளத்துக்கும் பவர் ட்ரான்சிஸ்டரின் அகன்ற பட்டைகளுக்கும் 3 அல்லது அதற்கு மேல். பின்னலைப் பேட்டின் மேல் வைத்து, அயனின் தட்டையான நுனியை அதன்மேல் அழுத்தாமல் படியவைத்தால் போதும், ஈயம் தானாக ஏறும். தேய்த்தால் பேட் கிளம்பும். எடுக்கும்போது அயனையும் விக்கையும் ஒன்றாகத் தூக்கவேண்டும். விக் ஒட்டிக்கொண்டால் இழுக்கக்கூடாது, திரும்பச் சூடாக்குங்கள். ஈயம் குடித்த நுனியை உடனே வெட்டிவிடுங்கள், அது சூட்டைத் தின்னும்.

விக்குக்கு ஈரம் ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், முல்லைத்தீவு, மன்னார்க் கரையோர உப்புக் காற்றிலும் திறந்து வைத்த சுருள் சில வாரங்களில் மங்கிக் கபிலமாகிவிடும். பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் ஈயத்தை இழுக்காது. மூடி இறுகுகிற பால்மா டின்னுக்குள், சப்பாத்துப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு போட்டுவைத்தால் நெடுங்காலம் இருக்கும். மங்கிய விக்கை ரோசின் பிளக்ஸில் தோய்த்து ஓரளவு மீட்கலாம். இரும்புக்கடையில் ரேடியேற்றர், தகரம் ஒட்டுவதற்கு விற்கிற அசிட் பேஸ்ற்றை மட்டும் போர்டுக்குக் கிட்டவும் கொண்டுவராதீர்கள். அதிலுள்ள குளோரைட் உப்புகள் ஈரம் பட்டதும் ட்ராக்கை அரிக்கும்.

வில் வைத்த கைச் சக்கர் எல்லாரிடமும் இருக்கிறது. மலிவானவற்றில் இரண்டு குறை. முனை விறைப்பான பிளாஸ்ரிக் என்பதால் அயன் நுனியோடு சேர்ந்து காலைச் சுற்றிப் படியாது, இடைவெளியால் வெறுங்காற்றைத்தான் இழுக்கும். பொத்தானை அமுக்கியதும் உதைத்து, சூடான பேட்டை முனையால் இடிக்கும். ஜப்பானின் எஞ்சினியர் நிறுவனத்து எஸ்.எஸ்-02 போல நுனியில் சிலிக்கன் குழாய் உள்ளதை எடுத்தால் இரண்டும் தீரும், சிலிக்கன் அயன் நுனியைத் தொட்டபடியே வளைந்து படியும். ஒருபக்கப் போர்டுக்கு இது தாராளம். இரண்டுபக்கப் போர்டின் எர்த் காலுக்குப் போதாது, அயனை எடுத்துச் சக்கரை வைக்கிற அரை விநாடிக்குள் மேல்பக்கம் உறைந்துவிடும். இன்னொன்று, சாதாரண பிளாஸ்ரிக் சக்கரின் தண்டு ஓடும்போது நிலைமின் உண்டாகும். பழைய செட்டுகளில் அலையை முதலில் வாங்குகிற பகுதியில் இருக்கிற 3எஸ்.கே. வரிசை இரட்டைக் கேட் மொஸ்பெட்டுகளுக்கு (நிலைமின் தாங்காத ஒருவகை ட்ரான்சிஸ்டர்) அது போதும், செத்துவிடும். அந்தப் பகுதியில் வேலை என்றால் நிலைமின் தடுக்கும் வகைச் சக்கரை வாங்குங்கள்.

அயனும் வில்சக்கரும் ஒன்றாகச் சேர்ந்த 30 வாட் கருவி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. சூட்டைக் கட்டுப்படுத்த முடியாது. பினாலிக் போர்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஹாம் செட்டில் அடிக்கடி கை வைக்கிறவர், குறிப்பாக ரிலே, ஐ.எஃப். டப்பா (இடைநிலை அலைவரிசைச் சுருள்), ஃபில்ற்றர் போன்ற பலகால் பாகங்களை மாற்றுகிறவர், காசு சேர்த்து ஈயம் உறிஞ்சும் துப்பாக்கி வாங்குவதுதான் சரி. சூடான, துளையுள்ள முனையும் மின்பம்பும் ஒன்றாக இருப்பதால் ஈயம் உருகிய நிலையிலேயே உறிஞ்சப்படும். ஹக்கோவின் எஃப்.ஆர்-301 பலர் நம்புகிற ஒன்று. இசட்.டி-915 போன்ற சீனத்து ஸ்ரேஷன் வகைகளும் ஒழுங்காகப் பராமரித்தால் வேலை செய்யும். முனையின் உட்துளை, காலின் தடிப்பைவிட 0.2 முதல் 0.3 மில்லிமீற்றர் கூடியிருக்கவேண்டும். சாதாரணக் கால்களுக்கு 1 மில்லிமீற்றர் முனை, ரிலே, மின்வழங்கிக் கால்களுக்கு 1.3 அல்லது 1.6. சிறிய காலுக்குப் பெரிய முனை போட்டால் அது பேட்டின் ஓரத்தை மிதித்துக் கிளப்பும்.

முனையைக் காலுக்கு மேலே நிமிர்த்தி இறக்குங்கள். ஈயம் பளபளத்தவுடன் விசையை இழுக்காமல், முனையால் காலை மெதுவாக வட்டமாக அசையுங்கள். கால் ஓட்டைக்குள் தடையின்றி ஆடினால் மேல்பக்கமும் உருகிவிட்டது என்று கை சொல்லும். அப்போது விசையை ஒன்றிரண்டு விநாடி இழுத்து, அசைவை நிறுத்தாமலே தூக்குங்கள். உள்ளே போகிற காற்று காலைக் குளிர்விக்கும், அசைவு அது ஓரத்தில் ஒட்டாமல் பார்க்கும். ஒருமுறையில் போகாவிட்டால் திரும்பத் திரும்ப உறிஞ்சாமல், புது ஈயம் நிரப்பி முதலிலிருந்து தொடங்குங்கள். மெல்லிய படலமாக எஞ்சிய ஈயத்துக்குச் சூடு போகாது. எர்த் கால் அப்படியும் அசையவில்லையா, எதிர்ப்பக்கத்தில் இன்னொரு அயனை வையுங்கள், அல்லது, கீழே சொல்கிற சூடு தாங்காத பாகங்கள் கிட்ட இல்லாவிட்டால், அந்தப் பகுதியைச் சூடுகாற்றால் 100 பாகை வரை முன்கூட்டியே சூடாக்குங்கள். முனையின் சூட்டை 400க்கு மேல் ஏற்றுவது இதற்கு மாற்று ஆகாது.

துப்பாக்கி அடைக்கும். அடைத்தபின் குறை சொல்லாமல், ஒவ்வொரு இருபது காலுக்கும் ஒருமுறை, முனை சூடாக இருக்கும்போதே துப்புரவுக் கம்பியை விட்டு இழுங்கள். ஆறியபின் குத்தினால் கம்பிதான் வளையும். ஈயம் சேரும் குழாயையும் ஃபில்ற்றர் தாளையும் பாருங்கள். தாள் கறுத்து விறைத்துவிட்டால் பம்ப் ஓடும், இழுவை இருக்காது.

சூடுகாற்று, அதாவது 858டி போன்ற ஸ்ரேஷன், சிப் ரெசிஸ்டர் கழற்ற நல்லது. பழைய செட்டுக்குள் அதை நினைத்தபடி பாவிக்கக்கூடாது. வி.எஃப்.ஓ. (அலைவரிசையை மாற்றித் தருகிற அலையாக்கி) பகுதிகளில் இருக்கிற ஒளி ஊடுருவும் பொலிஸ்ரைரின் கப்பாசிட்டர்கள் 90 பாகைக்குக் கிட்ட இளகத் தொடங்கும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, அலைவரிசை மட்டும் நிலையில்லாமல் ஓடும். ட்ரிம்மர், சுருள் அச்சு, கிறிஸ்ரல் ஃபில்ற்றர் எல்லாம் இதே கதை. அக்கம்பக்கத்தைச் சூடு தாங்குகிற கப்டன் ரேப்பும் அலுமினியத் தாளும் போட்டு மூடுங்கள். இரண்டு கால் சிப் பாகத்தைக் கழற்றச் சூடுகாற்றுத் தேவையே இல்லை: இரண்டு முனையையும் மூடி ஒரு பெரிய ஈயத் துளி வைத்து அயனால் ஒருபக்கம் தள்ளினால் வந்துவிடும். கழற்றியதைத் தூக்கி எறியாமல், செட்டின் மூடியின் உட்பக்கத்தில் ரேப்பால் ஒட்டி, எந்த இடத்தில் இருந்தது என்று எழுதிவையுங்கள்.

பிஸ்மத் கலந்த குறைந்த உருகுநிலைக் கலவையும் வருகிறது. பலகால் பாகம் சூடே படாததுபோல வழுக்கி வரும். ஆனால் எச்சத்தை விக்கால் முற்றாக எடுக்காமல் 63/37 ஈயம் போட்டால், பிஸ்மத்தும் ஈயமும் தகரமும் சேர்ந்து 96 பாகைக்குக் கிட்ட உருகுகிற கலவை ஒன்று உள்ளே உருவாகும். பவர் அம்ப்ளிஃபயர்ப் பகுதி நீண்ட நேரம் அனுப்பும்போது இளகும் ஒட்டு அதுதான்.

கசிந்த எலெக்ரோலிற்றிக் கப்பாசிட்டர் உள்ள இடத்தில் எந்தக் கருவியும் முதலில் தோற்கும். திரவம் பட்ட ஈயம் மங்கி, உருகாமல் நிற்கும். சூடாக்கினால் மீன்வாடை வரும். ஐசோபுறொப்பைல் அல்ககோலால் கழுவி, பிளக்ஸ் இட்டு, அதன் பின் புது ஈயம். கென்வூட் ரி.எஸ்-440எஸ் செட்டில் திரையில் எண்களுக்குப் பதிலாகப் புள்ளிகள் மட்டும் தெரிகிற பழுதும் பலருக்குத் தெரியும். வி.சி.ஓ. (மின்னழுத்தத்தால் அலைவரிசை மாறுகிற அலையாக்கி) பகுதியில் ஊற்றியிருக்கிற பசை வயதாகி மின்கடத்துவதால் வருவது. அந்தப் பசையைச் சுரண்டுகிற இடத்தில் பாகங்களையும் கழற்றிப் போடவேண்டி வரும், அங்கே 1 மில்லிமீற்றர் முனைத் துப்பாக்கி இல்லாமல் இறங்கவேண்டாம்.

வன்னியில் கருவியின் பெயரைவிட முக்கியமாகப் பார்க்கவேண்டியது கரண்ட். ஜப்பானுக்கென்று செய்த கருவிகள் 100 வோல்ட். மலிவு என்று எடுத்து 230 வோல்டில் குத்தினால் ஹீற்றர் அந்த நேரமே போகும். பெட்டியில் 220–240 என்று இருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். சூரிய மின் இன்வேட்டரில் வேலை செய்கிறவர்கள் சுத்தமான சைன் அலை வகையைத்தான் பாவிக்கவேண்டும். சதுர அலைக்குக் கிட்டிய மலிவு வகையில் பம்ப் மோட்டர் இரைந்து சூடேறும். சீனத்து ஸ்ரேஷனின் மூன்று முனைச் செருகியை இரண்டு முனை அடாப்ரரில் போட்டால் எர்த் அறுந்துவிடும், முனையில் கசிவு மின் நிற்கும், மொஸ்பெட் போகும். செருகியைக் கழற்றிவிட்டு, அயன் முனைக்கும் செருகியின் எர்த் முனைக்கும் இடையே மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள்: 2 ஓமுக்குள் இருக்கவேண்டும். அந்தச் செருகி போகிற சுவர்ப் பொயின்றில் எர்த் உண்மையாகவே மண்ணுக்குப் போகிறதா என்று வயரிங் தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பதும் தேவை.

கென்வூட் ரி.எஸ்-520, யேசு நிறுவனத்து எஃப்.ரி-101 போல அனுப்பும் இறுதிப் பகுதியில் வால்வ் உள்ள செட்டுகளில் 600 முதல் 900 வோல்ட் வரை இருக்கும். செருகியைக் கழற்றிச் சில நிமிடம் பொறுத்து, 10 கிலோஓம், 10 வாட் ரெசிஸ்டரை காப்பிட்ட பிடியில் கட்டி வடிகட்டுக் கப்பாசிட்டர்களை இறக்குங்கள், மீற்றரால் சோதித்தபின்தான் கை வைக்கலாம். ஸ்குரூட்றைவரால் ஷோர்ட் அடிப்பது உயிருக்கும் செட்டுக்கும் ஆபத்து. 2எஸ்.சி.2879 போன்ற வெள்ளைச் செராமிக் உடம்புள்ள பவர் ட்ரான்சிஸ்டர்களுக்குள் பெரிலியம் ஒக்சைட் இருக்கலாம். முழுதாகக் கழற்றுவதால் ஒன்றுமில்லை. உடைக்கவோ அராவவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு நஞ்சு.

அனுப்பும் அலைவரிசையை விரிக்கிற டயோட் வெட்டும் மாற்றத்தைப் பலர் கேட்கிறார்கள். உரிமம் தருகிற பட்டைக்கு வெளியே அனுப்புவது சட்டவிரோதம். இலங்கையின் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டப்படி ரேடியோ அனுப்பிக்கு உரிமம் வேண்டும். நம் பகுதியில் அதை இலேசாக எடுக்கவேண்டாம், பத்திரத்தின் பிரதி செட்டோடு இருக்கட்டும்.

வாங்கிய கருவியைச் செட்டில் பரீட்சிக்காதீர்கள். பழைய இரும்பு எடுக்கிறவர்களிடம் செத்த கணினி மதர்போர்ட் ஒன்று வாங்குங்கள். பல அடுக்குச் செப்பு உள்ளது, எர்த் கால்கள் சூட்டைக் குடிக்கும், ஹாம் செட்டில் வருவதைவிடக் கடினம். அதில் பத்து எர்த் ஓட்டைகளை எடுத்துவிட்டு, போர்டை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். பத்திலும் வெளிச்சம் தெரிந்து, ஓட்டையின் மேல்பேட்டுக்கும் கீழ்பேட்டுக்கும் தொடர்பு இருக்கிறது என்று மீற்றர் கூவினால் செட்டின் மூடியைத் திறக்கலாம்.