‘ஏகாதிபத்தியப் பீங்கான்’ என்று எழுதாதீர்கள்

சீனாவின் பழைய நீல வெள்ளைப் பீங்கான் ஏதாவது ஏலத்துக்கு வந்தால் போதும், ஆங்கிலத்தில் ‘imperial porcelain’ என்று இருப்பதைத் தமிழ்ச் செய்தியில் ‘ஏகாதிபத்தியப் பீங்கான்’ என்று போட்டுவிடுகிறார்கள். எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

பீங்கான் என்ற சொல்லில் எனக்குச் சிக்கல் இல்லை. பாரசீகத்திலும் மலாயிலும் கிண்ணம், தட்டு என்ற பொருளில் வழங்கும் சொல்லின் உறவு அது. எல்லா வீட்டிலும் புழங்குகிற சொல்லை விரட்டிவிட்டு ‘வெண்களிமண் கலம்’ என்று புதிதாகக் கட்ட வேண்டியதில்லை. நீல வெள்ளை வகைக்குச் சீனத்தில் சிங்ஹுவா என்று பெயர். கோபால்ட் நீலத்தில் வரைந்து, அதன்மேல் கண்ணாடிப் பூச்சு கொடுத்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸில் சுடுவார்கள்.

சரி, அந்த அடைமொழிக்கு வருவோம். சீனர்கள் சொல்வது குவான்யாவ். குவான் என்றால் அரசு, யாவ் என்றால் சூளை. சீனாவின் ஜிங்தெஜென் நகரில் மிங், சிங் என்ற அரச மரபுகளின் ஆணைப்படி செய்தவை இவை. மற்றவை மின்யாவ், அதாவது மக்கள் சூளை. பழம்பீங்கான் சேர்ப்பவர்கள் முதலில் கேட்பதே எந்தச் சூளை என்றுதான். மிங் ஆட்சியின் பிற்பகுதியில் அரண்மனை வேலையைத் தனியார் சூளைகளிலும் சுட்டார்கள். அதற்கும் ‘அரசு தர, மக்கள் சுட’ என்ற பொருளில் சீனத்தில் தனிப்பெயர் உண்டு. அவர்கள் கண் எப்போதும் சூளைமேல்தான்.

ஏகாதிபத்தியமோ பிற நாடுகளை அடக்கி ஆளும் அரசியல். ஏகம், ஆதிபத்தியம் என்று பிரித்து ‘தனியாட்சி’ எனப் பொருள் சொல்லலாம்தான். ஆனால் நூறாண்டு மேடைப்பேச்சுக்குப் பிறகு யார் காதில் அப்படி விழும்? படிப்பவர் அது காலனி நாட்டிலிருந்து கொள்ளையடித்த கிண்ணம் என்றே நினைப்பார். ‘பேரரசுப் பீங்கான்’ என்பவர்கள் கொஞ்சம் பரவாயில்லை, ஆனாலும் போதாது. ஐரோப்பாவுக்குக் கப்பல் கப்பலாகப் போன ஏற்றுமதித் தட்டுகளும் அதே பேரரசில் செய்தவைதானே! ‘அரசுச் சூளைப் பீங்கான்’ என்றால் குழப்பமே இல்லை.

மொழிபெயர்ப்பவர்கள் பொருளைப் பார்க்காமல் அகராதியின் முதல் சொல்லை எடுப்பதால் வரும் வினை இது. எந்தப் பேரரசர் ஆட்சியில் செய்தது என்று பாண்டத்தின் அடிப்பக்கத்தில் இருக்கும் எழுத்துகளை ‘முத்திரை’ என்பதும் அப்படித்தான். நீல வெள்ளையில் அவை பெரும்பாலும் தூரிகையால் எழுதியவை. ஆட்சிக் குறி என்று சொல்லலாம். முத்திரை என்றதும் அரசே சான்று கொடுத்துவிட்டது போலத் தோன்றுகிறது. ஆனால் சிங் மரபின் காங்சி பேரரசர் காலத்தில் (1662–1722) செய்த பாண்டங்களிலேயே பழைய மிங் பேரரசர்களான சுவாந்தே (1426–1435), செங்ஹுவா (1465–1487) ஆகியோரின் குறிகளை எழுதியிருக்கிறார்கள், முன்னோர் வேலைக்கு மரியாதையாக. குறி ஒரு காலத்தைச் சொல்லும், பாண்டம் வேறொரு காலத்தில் பிறந்திருக்கும். வாங்குகிறவர் களிமண்ணையும் பூச்சையும் அடிவளையத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.