ஆறு நிமிடக் கணக்கில் அளக்கப்படும் தொழில்

வேலை மாறலாமா என்று கேட்டுக்கொண்டு இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் வருவதுண்டு. வந்தவுடன் அவர்கள் எடுத்து வைப்பது புதிய இடத்தில் தருவதாகச் சொல்லும் சம்பளத்தைத்தான். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாதம் முழுவதும் மனு வரைந்து, வாய்தாவுக்கு ஓடி, கடைசியில் சீனியர் மனம் வைத்தால் மட்டுமே கையில் ஏதாவது கிடைக்கும் என்ற நிலையில் உள்ள ஜூனியரிடம் மனநிறைவைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது. வாடகை கவலையாக இருக்கும்வரை சம்பளமே முதல் கேள்வி. அந்தக் கவலை தீர்ந்த பின்னும் அதே அளவுகோலை விடாமல் பிடித்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் 6,000-க்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களிடம் சட்டப் பேராசிரியர் லாரன்ஸ் கிரீகரும் உளவியலாளர் கென்னன் ஷெல்டனும் நடத்திய ஆய்வு 2015-இல் வெளிவந்தது. வருமானத்துக்கும் மனநலனுக்கும் இடையிலான தொடர்பின் அளவு (முழுத் தொடர்பு என்றால் 1) அதில் 0.19 மட்டுமே, தான் செய்வது தன் விருப்பத்துக்கும் மதிப்பீடுகளுக்கும் இசைந்தது என்ற உணர்வுக்கோ அது 0.66. குறைந்த சம்பளத்தில் பொதுச் சேவைப் பணிகளில் இருந்தவர்கள், பெரிய நிறுவனங்களில் அதிகம் சம்பாதித்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தனர், குறைவாகவே குடித்தனர். குடி இங்கே சிறிய செய்தியன்று: 2016-இல் வெளியான மற்றொரு ஆய்வில், அந்நாட்டு வழக்கறிஞர்களில் ஏறத்தாழ 21 விழுக்காட்டினரிடம் சிக்கலான குடிப்பழக்கமும், 28 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும் காணப்பட்டன.

பணம் ஏன் இவ்வளவு குறைவாகவே உதவுகிறது? பல நிறுவனங்களில் அந்தப் பணம் எந்த அலகில் ஈட்டப்படுகிறது என்பதில் பாதி விடை இருக்கிறது என்பது என் கருத்து. வழக்கைத் தரும் கட்சிக்காரரிடம் உழைத்த நேரத்துக்குக் கட்டணம் வாங்குவதற்காக, மணி நேரத்தைப் பத்தாகப் பிரித்து, ஆறு நிமிடத்துக்கு 0.1 என்று எழுதும் வழக்கம் அது. நேரக் குறிப்பேட்டைச் சட்ட அலுவலகங்களில் பரப்பியவராகச் சொல்லப்படும் ரெஜினால்ட் ஹீபர் ஸ்மித், ஏழைகளுக்கான சட்ட உதவிக்காகவும் பாஸ்டனில் உழைத்தவர் என்பதை நினைக்கும்போது எனக்கு எப்போதும் சற்று வியப்பாக இருக்கும்.

நான் அப்படியொரு அலுவலகத்தில் பணியாற்றிய காலத்தில், குழந்தையின் பாதுகாப்புரிமை வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முந்தைய மாலை, கட்சிக்காரரான தந்தை அழைத்தார். சட்டம் பற்றிய பேச்சு மூன்று நிமிடம் இருக்கும். மீதி நேரம், நீதிபதி கேட்டால் தன் குரல் உடைந்துவிடுமோ என்ற பயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். 18 நிமிடம்; 0.3 என்று எழுதினேன். வாரக் கடைசியில் அது பென்சிலால் 0.1 ஆக்கப்பட்டுத் திரும்பி வந்தது. கட்சிக்காரருக்குக் கட்டணம் குறைந்தது நல்லதுதான். ஆனால் அந்த வாரத்தில் நான் உண்மையிலேயே வழக்கறிஞராக இருந்தது அந்த 18 நிமிடங்களில்தான் என்பதை அந்தத் தாளில் எழுத இடமே இல்லை.

ஆகவே, சம்பளத்தைப் பார்த்து முடித்தபின், ஆண்டுக்கு எத்தனை மணி நேரம் கட்டணக் கணக்கில் காட்ட வேண்டும் என்று கேளுங்கள். 2,000 என்று பதில் வந்தால், ஆண்டுக்கு 50 வாரம் உழைத்தாலும் வாரத்துக்கு 40 மணி நேரம் கட்டணக் கணக்குக்கே போய்விடும். படிப்பது, ஜூனியருக்குச் சொல்லித்தருவது, அலுவலகக் கூட்டங்கள் எல்லாம் அதற்கு மேல்தான். அந்த மொத்த நேரத்தால் சம்பளத்தை வகுத்துப் பாருங்கள். வரைவை எழுதுபவர் கட்சிக்காரரை நேரில் பார்ப்பாரா, வரைவு திருத்தப்பட்டால் காரணம் சொல்லப்படுமா, மனத்துக்கு ஒவ்வாத வழக்கை மறுக்க முடியுமா என்பவற்றையும் கேளுங்கள். இவற்றுக்கான பதிலை நேர்காணல் நடத்துபவரிடம் பெறுவதைவிட, அங்கே இரண்டாம் ஆண்டில் இருப்பவரிடம் பெறுவது நல்லது.

அண்மையில் வந்த ஒருவர் என் மேசையிலேயே அந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்தார். ஏறக்குறைய இரு மடங்கு சம்பளம் தருவதாகச் சொன்ன இடத்தில், மணிக்கணக்குப்படி கிடைப்பது இப்போதைய வேலையைவிடச் சிறிதளவே கூடுதலாக இருந்தது. கட்சிக்காரரை முதன்முதலாகச் சந்திக்க அங்கே எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று கேட்டு எழுதியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.