பனி நின்ற மறுநாள் ஏன் பயப்படுகிறேன்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கமிருந்து இமயமலைக்கு ட்ரெக் கிளம்புகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். கைடாகக் கூடப் போகிற என்னிடம் ஜாக்கெட் எது, ஷூ எது, ராயக்கோட்டை மலையை நிற்காமல் ஏறி இறங்கினால் போதுமா என்றெல்லாம் கேட்கிறார்கள், பனிச்சரிவைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. எங்கோ யாருக்கோ நடக்கிறது என்று இருந்துவிட முடியாது. 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி உயிரிழந்த 10 ராணுவ வீரர்களில் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்.

பனி பொழியப் பொழிய அடுக்கடுக்காகத்தான் படியும். மேகமில்லாத கடுங்குளிர் இரவுகள் தொடர்ந்து வந்தால் உள்ளே ஒரு அடுக்கு ஒட்டாமல் பொலபொலவென்று ஆகிவிடும். அதன்மேல் புதுப் பனி பாளமாக இறுகினால், சாய்தளத்தில் கேழ்வரகைக் கொட்டி மேலே பலகையை வைத்த கதைதான். ஒருவர் கால் வைத்தாலே போதும், மொத்தமாகக் கிளம்பிவிடும். 30 முதல் 45 டிகிரி சரிவுகளில்தான் இது பெரும்பாலும் நடக்கிறது. சிக்குகிறவர்களில் பெரும்பாலோர் விஷயத்தில் பனிச்சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ, கூட வந்தவரோதான்.

இரண்டு நாள் பனி கொட்டித் தீர்த்து மூன்றாம் நாள் வெயில் பளீரென்று அடித்தால் எல்லோருக்கும் கால் பரபரக்கும், எனக்கு அந்தக் காலைதான் கவலை. புதுப் பனி இன்னும் பிடித்திருக்காது, காற்று முகட்டுக்கு அந்தப் பக்கம் அள்ளிக் குவித்திருக்கும், வெயில் ஏற ஏற எல்லாம் இளகும். காலடியில் ‘தொம்’ என்று அமுங்குகிற சத்தம் கேட்டோ, ஷூ முனையிலிருந்து விரிசல் ஓடியோ பார்த்தால் போட்டோவுக்கு நிற்காதீர்கள், வந்த தடத்திலேயே திரும்பிவிடுங்கள்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடுவார், அரை மணி தாண்டினால் நம்பிக்கை மளமளவென்று குறைந்துவிடும். அதற்குள் ஹெலிகாப்டர் வராது, கூட இருப்பவர்தான் தோண்ட வேண்டும். ஆகவே ஒவ்வொருவரிடமும் புதைந்த இடத்தைச் சிக்னலால் காட்டிக்கொடுக்கிற பீக்கன் கருவி, குத்திப் பார்க்கிற நீளக் கம்பி, ஷவல் மூன்றும் இருக்க வேண்டும், எடுத்துப் பழகியும் இருக்க வேண்டும். பீக்கனை ஆன் செய்து உடம்போடு கட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் போட்டு வைத்தால், பை பிய்த்துக்கொண்டு போனபின் ஆளைத் தேட வழியே இல்லை.

பணம் கட்டுவதற்கு முன்பே இதையெல்லாம் தருவார்களா, பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துத்தான் கிளப்புவார்களா என்று கேட்டுவிடுங்கள். அப்புறம், இன்றைக்கு மேலே வேண்டாம் என்று கைடு சொன்னால், லீவு முடியப்போகிறது, இவ்வளவு செலவு செய்து வந்தோம் என்று தயவுசெய்து அவரை நெருக்காதீர்கள்.